உடைந்த போல்ட்

"காலையிலேருந்து அதே காரோட டயரைத்தான் கழட்டிக் கழட்டி மாட்டுறீங்க," என்றாள் மனைவி, கம்ப்யூட்டரில் ஓடிய விளையாட்டை எட்டிப் பார்த்து.

"அப்பதான் மெக்கானிக் லெவல் ஏறும். ஜாம்பி துரத்துனா காரைக் கிளப்பணும்ல? போச்சு, போல்ட்டை உடைச்சுட்டேன்."

முப்பது வருஷமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர் இப்படிச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

போல்ட் உடைந்ததை அவர் டைப் செய்ததும், விளையாட்டுக் கூட்டாளியின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. "உடைஞ்சா உடையட்டும்ண்ணே. என் காரை எடுத்துக்குங்க. கை பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்."

அவள் சிரிப்பு நின்றுபோனது. ஒரே ஒரு போல்ட்டை உடைத்ததற்காக, "நீ எதுக்கும் லாயக்கில்ல" என்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து இவர் துரத்திவிட்ட மகனின் குரல் அது. மூன்று வருஷமாக வீட்டுப் பக்கமே வராதவன்.

"நான்தான்னு அவனுக்குத் தெரியாது. மைக்கே போடுறதில்ல," என்று கிசுகிசுத்தவர், "சரிங்க தம்பி" என்று டைப் செய்தார்.