கூட்டாமல் விட்ட வகுப்பு

ஒருத்தி கண்ணிலாவது ஒரு சொட்டுத் தண்ணி வர வேண்டாமா?

அதுதான் கிர்ஸ்டன் மிஸ்ஸுக்கு ஆறவில்லை. டென்மார்க்கிலிருந்து ஆரணிக்கு வந்து, இந்த எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு ஒரு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தாயிற்று. அவர்களிடமே தமிழும் படித்தாயிற்று. இன்றைக்கு மத்தியானம் கையில் பெட்டியோடு வகுப்பு வாசலில் நின்று, கிளம்புகிறேன் என்று சொன்னால், எல்லாரும் எழுந்து நின்று காலையில் குட்மார்னிங் சொல்வது மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள்:

"போய்ட்டு வாங்க மிஸ்."

அவ்வளவுதான். எப்போதும் மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டே திரிகிற ஜெயப்ரியாகூடத் தரையைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்தில் நின்ற லாவண்யா, "ஜல்தி போங்க மிஸ், பஸ் பூடும்" என்றாள்.

துரத்துகிற மாதிரி இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் மெட்ராஸ் பஸ் பஞ்சராகி நிற்கிறது. கிளம்ப அஞ்சு மணி ஆகும் என்றார் கண்டக்டர். விமானம் நடுராத்திரிக்குத்தான். பரவாயில்லை என்று பெட்டி மேலேயே உட்கார்ந்தார்.

சுற்றிலும் பார்த்தார். ஏறுகிற ஒவ்வொருத்தரையும் ஏற்றிவிட யாரோ வந்திருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பூவைக் கொடுத்தார்கள், முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தார்கள், சொன்னதையே நாலு தடவை சொன்னார்கள். எதிரே எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத் இருந்தது. வருகிறேன் என்று போன் போட்டுச் சொல்ல மிஸ்ஸுக்கு டென்மார்க்கில் ஆள் கிடையாது. புருஷன் போய் ரொம்ப நாளாயிற்று. பிள்ளை இல்லை. அங்கே இருக்கிற வீட்டில் இந்த ஒரு வருஷமாகப் பூட்டுதான் குடியிருக்கிறது.

ஆரணியிலாவது நம்மை நினைத்துக்கொள்ள நாலு பேர் இருப்பார்கள் என்று நம்பியிருந்தார், பாவம்.

கண் கலங்கவும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றத் தடவினார். கண்ணாடி இல்லை. வகுப்பு மேசையிலேயே விட்டாயிற்று.

பெட்டியைக் கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோ பிடித்தார்.

பள்ளிக்கூடம் விட்டிருந்தது. ஆனால் வகுப்புக்கு எதிரே புங்கமரத்தடியில் ஜெயப்ரியா, லாவண்யா, இன்னும் நாலைந்து பெண்கள் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வேறு. யாரும் இவரைக் கவனிக்கவில்லை. இவருக்கும் கூப்பிட மனசு வரவில்லை. பின்பக்கமாகச் சுற்றி வகுப்புக்குள் நுழைந்தார்.

நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வகுப்பைக் கூட்டவில்லை.

இந்த ஒன்றுக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமா? எல்லாம் தறி வீட்டுப் பெண்கள். விடியற்காலையில் தறியண்டை கூடமாட வேலை செய்துவிட்டு அப்படியே ஓடி வருவார்கள். பாவாடையில் ஒட்டிக்கொண்டு வருகிற பட்டு நூலெல்லாம் சாயங்காலத்துக்குள் தரையில் உதிர்ந்து, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கிடக்கும். வந்த முதல் வாரமே மிஸ் சட்டம் போட்டார், கூட்டாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று. அவரே துடைப்பம் பிடித்துக் காட்டினார். அதை வேடிக்கை பார்க்கத் தெருவே மதில் மேல் ஏறி நின்றது. அப்புறம் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒருநாள் தப்பியதில்லை.

இன்றைக்குத் தப்பிவிட்டது. தரையில் நூல், காகிதத் துண்டு. மேசை மேல் அவர் குடித்து வைத்த டீ கிளாஸில் ஈ. சொல்லிக் கொடுத்ததில் இது ஒன்றாவது நிற்கும் என்று நினைத்தார். அவர் தலை மறைந்ததும் அதுவும் போயிற்று.

கோபம்கூட வரவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கடைசியாக ஒரு தடவை நாமே கூட்டிவிட்டுப் போவோம் என்று மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தார்.

ஒரு ஓரம் கூட்டிக் குவித்திருப்பார். வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம்.

"செல்லியம்மாக்கா, எத்தினி வாட்டி சொல்றது உனக்கு" என்று கத்திக்கொண்டே வந்த ஜெயப்ரியா, குனிந்திருந்தவர் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கினாள். நிமிர்ந்தது மிஸ் என்று தெரிந்ததும் திகைத்துப் போனாள். ஆனாலும் துடைப்பத்தைக் கொடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"குடு" என்றார் மிஸ்.

"மாட்டேன் மிஸ்."

"குப்பை தெரியலையா? ஒரு வருஷம் சொன்னேன். நான் போனதும் எல்லாம் போச்சா?"

"நீங்க போனதாலதான் மிஸ்."

மிஸ்ஸுக்குப் புரியவில்லை. பின்னாலேயே ஓடி வந்த லாவண்யா சொன்னாள். திங்கட்கிழமை பெரிய ஆபீசர் வருகிறாராம். வகுப்பைக் கூட்டியே ஆக வேண்டும் என்று பள்ளிக்கூடத்து ஆயாம்மா செல்லியம்மாள் ஒரே சண்டையாம். "நாங்கதான் உடாம காவல் உக்காந்துகினு இருக்கோம் மிஸ்."

"எதுக்குக் காவல்?"

ஜெயப்ரியா தரையைப் பார்த்தாள், மத்தியானம் பார்த்த மாதிரியே.

"ஊருக்குப் போறவங்க போய்ச் சேர்ற வரைக்கும் அவங்க இருந்த எடத்தைக் கூட்டக் கூடாது மிஸ். பொணம் எடுத்த ஊட்லதான் உடனே கூட்டுவாங்க." குரல் உடைந்தது. "போறவங்க எதிர்ல அழவும் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிச்சு. மத்தியானம் பூரா அடக்கிகினு இருந்தேன். இப்ப கூட்டிட்டா நீங்க திரும்பி வரவே மாட்டீங்க மிஸ்."

மிஸ் மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். குவித்து வைத்த சிவப்பு நூலையும் பச்சை நூலையும் காகிதத்தையும் இரண்டு கையாலும் அள்ளி, பழையபடி வகுப்பு முழுக்க இறைத்துவிட்டார்.