படத்துக்கு வைத்த மூன்று சாண்ட்விச்

தட்டு காலியாக இருந்தது.

குப்பைக்கூடையைத் திறந்து பார்த்தேன். வெள்ளரித் தோலும் ரொட்டி ஓரங்களும்தான் கிடந்தன.

ஒரு வாய்க்கு ஒன்று என்கிற அளவில் மூன்று குட்டி சாண்ட்விச். படமெடுப்பதற்காக உணவை வீட்டிலேயே அழகாக அடுக்கிக் கொடுப்பது என் தொழில். ஒரு கடைக்காரர் தன் புது மெனு அட்டைக்குப் படம் கேட்டிருந்தார். சாதாரணமாக மேலே பல்குத்தும் குச்சியின் தலை நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துத்தான் எடுப்பார்கள், உருவிவிட்டுத்தான் தின்பார்கள்.

இன்று குச்சி படத்தில் தெரியவே கூடாது என்றார் புகைப்படக்காரர். அதனால் பாதியாக ஒடித்து, முனைகூடத் தெரியாதபடி உள்ளே செருகினேன். அடுக்கு சரியாமல் நின்றது.

கணவருக்கும் எனக்கும் மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தக் கோபத்தில் கொஞ்சம் அழுத்தியே செருகினேன்.

படம் எடுத்து முடித்ததும் குச்சிகளை உருவிவிட்டுக் குப்பையில் போடுவது என் வழக்கம். இன்று அதற்குள் கடைக்காரர் தன் கடைக்குக் கூப்பிட்டுவிட்டார். படங்களைக் காட்டிவிட்டுத் திரும்ப ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

கூடத்தில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டு ஆண்களுக்கு மெல்லுகிற பழக்கமே கிடையாது. அப்பாவும் சரி, மகனும் சரி, போட்ட வேகத்தில் விழுங்கிவிட்டு அடுத்தது எங்கே என்று பார்ப்பார்கள்.

"மாமா, தட்டுல இருந்தத சாப்பிட்டீங்களா?"

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்? பஸ் டிப்போவுக்குப் போய் அவன்கிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். நீதான் ஆசையா செஞ்சு அனுப்பினேன்னு சொன்னேன். பய மூஞ்சியப் பாக்கணுமே!"

எங்கள் இருவரையும் சேர்த்துவைத்துவிட்ட பெருமை அவர் முகத்தில் வழிந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினேன். டிப்போ தெருக்கோடியில்தான். ஓடிக்கொண்டே கணவரைப் போனில் அழைத்தேன். எடுக்கவில்லை. கோபத்தில் எடுக்கவில்லையோ என்று நினைத்தேன். அப்படியே இருக்கட்டும், தொடாமல் வீசியெறிந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட இந்த ஒன்பது வருஷத்தில் அவருடைய கோபத்துக்காக நான் ஏங்கியது இன்றுதான்.

டிப்போ வாசலில் அவர் ஓட்டும் பேருந்து நிற்குமிடம் காலியாக இருந்தது.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. மூன்று நாளில் அவரிடமிருந்து வந்த முதல் செய்தி. பத்து நிமிடத்துக்கு முன் அனுப்பியது, இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

"மூணையும் ஒரே மூச்சுல முடிச்சுட்டேன். நீதான் முதல்ல இறங்கி வருவேன்னு தெரியும். வண்டி எடுக்கிறேன்."

திரும்பத் திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வண்டி ஓட்டும்போது அவர் போனை எடுக்கவே மாட்டார். அதற்காக டிப்போவில் இரண்டு முறை பாராட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.