தோல்விக்குப் பிந்தைய பேட்டி

“மூணு கோல் வாங்கித் தோத்திருக்கீங்க. என்ன காரணம்?” நிருபரைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள் ஹேசல். அந்தக் கால்பந்து கிளப்பின் பேட்டிகளெல்லாம் அவள் பொறுப்பு.

அணியைப் பயிற்றுவிக்கும் மேனேஜர் ஹார்க்னஸ் அந்தச் சின்ன அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். “அந்த நடுவருக்குக் கண்ணு இருக்கா?”

“இதைச் சொல்லித்தானே பாஸ் போன மாசம் அபராதம் கட்டினீங்க?”

“சரி, மழை. மைதானம் முழுக்கச் சேறு.”

“அவங்க மட்டும் ஸ்பெயின்லயா ஆடினாங்க? அதே சேறுதானே?”

ஹார்க்னஸ் டையைத் தளர்த்தினார். ‘மேனேஜர் மேல் முழு நம்பிக்கை இருக்கிறது’ என்று நேற்றுதான் கிளப் தலைவர் அறிக்கை விட்டிருந்தார். இங்கிலாந்தில் அதற்கு அர்த்தம், அடுத்த தோல்வியோடு வேலை காலி.

“பசங்க உயிரைக் கொடுத்து ஆடினாங்க. தப்பு முழுக்க என்னோடது. போதுமா?”

“பிரமாதம்! முகத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் சோகமா வெச்சுக்கங்க.”

கதவைத் திறந்து தலையை நீட்டினான் கேப்டன் டெக்லன்.

“பாஸ், இந்த ரூமுக்கும் எங்க டிரெஸ்ஸிங் ரூமுக்கும் நடுவுல இருக்கறது வெறும் பலகைதான். நீங்க பேசினது அத்தனையும் பசங்க காதுல விழுந்துச்சு.”

ஹார்க்னஸ் நின்றார்.

“ஆட்டம் தொடங்கவே இன்னும் அரைமணி நேரம் இருக்கு. நாங்க பூட்ஸே மாட்டல. அதுக்குள்ள மூணு கோலா, பாஸ்?”