யார் அந்த இரண்டு பேர்?

"இரண்டே இரண்டு ஓட்டு! யார் அந்த இரண்டு பேர்? அவர்கள் மனதில் அப்படி என்ன வெறுப்பு?" டி.வி.யில் கோட்டுக்காரர் மேசையைத் தட்டினார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அந்த நாட்டுச் சேனல் இந்தப் பக்கமும் தெளிவாகத் தெரியும். சில நாட்களாக அதில் இந்த ஊர்ப் பேச்சுதான். தொழிற்சங்கம் நிறுத்திய வெல்டர், பாராளுமன்றத் தேர்தலில் இரண்டு ஓட்டில் தோற்றிருந்தார்.

அந்த வெல்டர் கட்டிலில் கால் நீட்டி, தன் தோல்வியைத் தானே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து, மிஞ்சிப்போன சங்கக் கொடிகளைத் தலையணை உறையாக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த நாட்டில் உழைப்பாளியை உழைப்பாளியே நம்பமாட்டான். அது அவர்கள் ரத்தத்திலேயே ஊறிய குணம்," என்றார் இன்னொரு நிபுணர்.

"கேட்டியா? ஆத்தைத் தாண்டாமலே நம்ம ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டாரு."

அவள் சிரிக்கவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை.

பாலம், அணை என்று இருபது வருஷம் ஊர் ஊராகப் பற்றவைத்துத் திரிந்த மனிதர். போன வருஷம்தான் வீட்டோடு வந்து சேர்ந்தார். வந்தவரைச் சங்கத்துக்காரர்கள் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். ஜெயித்திருந்தால் ஐந்து வருஷம் தலைநகரம். அவளுக்கு மறுபடியும் ஒற்றைத் தட்டு, ஒற்றைத் தம்ளர்.

போன் அடித்தது. சங்கச் செயலாளர்.

"அண்ணே, மறு எண்ணிக்கைக்கு மனு ரெடி. சாயங்காலத்துக்குள்ள ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்."

"வேணாம் தம்பி. எண்ணினது எண்ணினதுதான்."

"ஊரே கொதிக்குது, நீங்க மட்டும் ஐஸ்கட்டி மாதிரி உக்காந்திருக்கீங்களே!"

வெல்டர் போனை வைத்துவிட்டார்.

அவள் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். மனிதர் அடியோடு உடைந்து போய்விட்டாரே! இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம்.

"ஏங்க, மனசை விட்டுடாதீங்க. ஊர் உங்களைக் கைவிடலை."

"அப்புறம்?"

"கைவிட்டது நான். அந்த ரெண்டுல ஒண்ணு என்னோடது. எதிராளிக்குக் குத்தினேன்."

மெஷின் நின்றது.

"நீயா? அத்தனை கொடியையும் தச்சவளா?"

"உங்க ஆசைக்காகத் தச்சேன். ஆனா பூத்துக்குள்ள போனதும் கை கேக்கலை. இன்னும் அஞ்சு வருஷம் போன்லயே 'சாப்பிட்டியா'ன்னு கேப்பீங்களேன்னு நெனச்சேன், குத்திட்டேன். திட்டணும்னா திட்டிடுங்க."

அவர் திட்டவில்லை. எழுந்து வந்து மெஷினுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார்.

"ஒன்று மட்டும் உறுதி," என்று முடித்தார் கோட்டுக்காரர். "அந்த இருவருக்கும் அந்த வேட்பாளரின் நிழலே ஆகாது!"

வெல்டர் ரிமோட்டை எடுத்து அவர் வாயை அடைத்தார்.

"இன்னொரு ஆள் யாருன்னு நான் சொல்லட்டுமா? நீ விரல் வீங்க வீங்கக் கொடி தைக்கிறதைப் பாத்து, உனக்குத்தான் ஆசைன்னு நெனச்சு விலகாம தேர்தல்ல நின்னானே, அவன்தான். பூத்துக்குள்ள போனதும் அவனுக்கும் கை கேக்கலை."