கைதி வேஷம்

சுப்பராமனின் கண்ணைக் கட்டியாயிற்று. கைகளையும் பின்னால் கட்டியாயிற்று. எலியட்ஸ் பீச் சவுக்குத் தோப்பு மணலில், பிடிபட்ட எதிரிச் சிப்பாயாக அவர் உட்கார்ந்திருந்தார்.

மயிலாப்பூர் சபா நாடகங்களில் மாமனார் வேஷமென்றால் அவர்தான். வாயைத் திறந்தால் மூடாத மனிதருக்கு இங்கே வசனமே கிடையாது.

எல்லாம் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் நெறிமுறைப் பாடம் நடத்தும் கேப்டன் ஹபீபுர் ரஹ்மானின் யோசனை. கைதியை எப்படி நடத்த வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பையன்கள் எழுதிக்கொண்டே தூங்கிவிடுகிறார்களாம். அதனால் ஒரு கேடட், ஒரு கைதி, ஒரு தண்ணீர் பாட்டில். கண்ணிவெடி எங்கே என்று கேட்டு வாங்க வேண்டும். உண்மையில் பதிலுக்கு மார்க்கே இல்லை, கேட்கும் விதத்துக்குத்தான் மார்க். அது பையன்களுக்குத் தெரியாது. கேப்டன் தோப்புக்குள் மறைந்து நின்று பார்ப்பார்.

இன்றைக்குக் கனகராஜ் என்றொரு பையன்.

வெயிலும் அலைச் சத்தமும் சேர்ந்து சுப்பராமனைத் தாலாட்டின. துணிக்குள் வெளிச்சம் பழுப்பாக மிதந்தது. கடல் ஒரு சமயம் காலடியில் இருந்தது. ஒரு சமயம் வெகுதூரம் போய், பெயர் தெரியாத ஊரின் ஆறாகிவிட்டது. வீடு, மாலைக் காப்பி எல்லாம் யாரோ எப்போதோ சொன்ன கதைபோல இருந்தன.

தாகம் மட்டும் நடிப்பில்லை. கொடுத்துவிடடா கண்ணா என்று மனசு கெஞ்சியது.

பாட்டில் மூடி திறக்கும் சத்தம். அவர் முகத்தைத் தூக்கினார்.

மடக் மடக்கென்று கனகராஜே குடித்தான். மிச்சத்தை மணலில் கொட்டினான்.

"சொல்றியா, இல்லியாடா?"

கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

கேப்டன் ஓடிவந்து கட்டவிழ்த்தார். மார்க் கேட்கும் விதத்துக்குத்தான் என்று தெரிந்ததும் பையன் அழுதுவிட்டான், காலில் விழுந்தான். சுப்பராமனுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. கேப்டன் நீட்டிய தண்ணீரைக் கையில் வாங்கி, குடிக்காமலே மணலில் வைத்தார்.

அபிராமபுரத்து வீட்டு வாசலிலேயே மனைவி ஜெயலக்ஷ்மி நின்றிருந்தாள். அவர் கைதி வேஷம் போட்டுவிட்டு வரும் நாளெல்லாம் அவள் கேட்பது ஒரே கேள்விதான்.

"இன்னிக்குத் தண்ணி குடுத்தானா?"

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம். திரும்பி வந்த கைதிகளில், சண்டைக்குப் போன அவர்கள் மகன் சுந்தரராமன் இல்லை, செத்தவர்களிலும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கோ அவனைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்திருக்கிறார்கள் என்றே அவள் நம்பினாள். இங்கே பையன்கள் கொடுத்தால் அங்கேயும் யாராவது கொடுப்பார்கள் என்பது அவள் கணக்கு.

சிவந்த கன்னத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார் சுப்பராமன்.

"குடுத்தான்டி. தலையைத் தாங்கிப் பிடிச்சுண்டு குடுத்தான்."