வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கேள்வி

"இலக்கு எழுதின தாளைப் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கொடுங்க. குறை மட்டும் சொல்லாம, எப்படிச் சரிபண்ணலாம்னு சொல்லுங்க" என்றார் ஆசிரியை.

லாரி ஓட்டுநரின் தாளைத் தையல்கார அம்மா வாங்கிப் படித்தாள். 'மகளோடு நன்றாகப் பேச வேண்டும்.'

"ஆசை நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா என்ன பேசணும், எந்த நாளுக்குள்ள? அதை எழுதுங்க."

"அவளுக்கு எட்டு வயசாகுதும்மா. அவளும் அவ அம்மாவும் ஓயாம பேசிக்கிறாங்க. நான் விருந்தாளி மாதிரி வேடிக்கை பார்க்கிறேன்."

பிறகு எழுதினார்: 'வெள்ளிக்கிழமைக்குள், இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று மகளிடம் கேட்க வேண்டும்.'

"இது சரி. முதல்ல என்கிட்ட கேட்டுப் பழகுங்க."

பத்து முறை கேட்டார். இரண்டு இடத்தில் திருத்தினாள்.

சனிக்கிழமை வகுப்பில், "கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன். திகைச்சுப்போய்ப் பார்த்தா. அப்புறம் கால்மணி நேரம் நிறுத்தவே இல்ல."

"என்ன சொன்னா?"

"பாதிதான் புரிஞ்சுது. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை. அவ விரல் ஓடுற வேகத்துக்கு, நான் இங்க மூணு மாசமா கத்துக்கிட்ட சைகை பத்தலம்மா."

புதுத் தாளை அவளிடம் நீட்டினார். 'மீதிப் பாதியும் புரிய வேண்டும்' என்று எழுதியிருந்தது. தேதி போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.