மூன்றாம் வருடத்தின் கடைசி நாள்

மூன்று வருடம் ஒப்புக்கொள்ளாமல் இருந்துவிட்டால் கடன் செத்துப்போகும், அப்புறம் கேஸ் போட முடியாது என்று வளர்மதியிடம் வக்கீல் சொல்லியிருந்தார். "யாரு கூப்பிட்டாலும் 'சரி'ங்கிற வார்த்தை மட்டும் வாயில வரக்கூடாதும்மா. வந்துட்டா மூணு வருஷக் கணக்கு மறுபடி முதல்லருந்து."

புருஷன் கதிர்வேலின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவள் தேய்த்த கிரெடிட் கார்டு அது. ஆளும் பிழைக்கவில்லை. கதிர்வேல் எப்போதோ வங்கிக்குப் பேசிய போன் பதிவுகளையும் சேர்த்து, வங்கி அந்தக் கடனை ஒரு வசூல் நிறுவனத்துக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டது. அவர்கள் மிரட்டினார்கள். அவள் தைக்கும் பனியன் கம்பெனி வாசலில் வந்து நின்று மானத்தை வாங்கினார்கள். அவள் வாயே திறக்கவில்லை.

கடைசி நாள் மதியம், தையல் மெஷின் பக்கத்தில் சோற்று டப்பாவைத் திறந்தபோது போன் அடித்தது.

"சாப்ட்டியா புள்ள?"

கதிர்வேலின் குரல். அதே இழுவை.

"இப்பத்தானுங்க உக்காந்தேன்" என்றாள், தன்னை அறியாமல்.

"எனக்காக வாங்குன கடன்தான. கட்டிரு."

அவன் இருந்தவரை அவனிடம் ஒரு மறுபேச்சு பேசியதில்லை.

"சரிங்க."

உடனே வசூல் நிறுவனத்துக் குரல் வந்தது. "நன்றி மேடம். உங்கள் ஒப்புதல் பதிவாகிவிட்டது. இன்றிலிருந்து இன்னும் மூன்று வருடம்."

பழைய பதிவுகளை வைத்து மெஷின் செய்த குரலுக்குச் சரி சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் போனை வைக்கவில்லை.

"அவருகிட்ட இன்னொருக்கா குடுங்க" என்றாள்.